மருந்து தேடிப் போன கப்பற் சிப்பாய்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோட்டில் நிற்காது, மேடு ஏறும். ‘ர’ வர வேண்டிய இடத்தில் ‘ற’ வரும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் திருவனந்தபுரத்து பஸ் போர்டுகள்தான். அதனால் நடுநடுவே மலையாள எழுத்தும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் ஒரு சட்டையில் இருந்த கறையைப் பற்றி எழுதியிருந்தேன். அச்சில் அது ‘கரை’ என்று வந்துவிட்டது. தட்டச்சு செய்த பெண்ணின் மேல் தப்பில்லை, நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஒருவர் என் இஸ்திரி வண்டிக்கே வந்து, “சட்டைக்கு எப்படி அண்ணாச்சி கரை வரும்?” என்று கேட்டார். வேட்டியாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

இந்த வாரம் சொல்லப்போவதும் ஒரு வார்த்தையைத் தப்பாக எடுத்துக்கொண்ட கதைதான். ஆனால் அது எழுதினதில் வந்த தப்பு அல்ல, படித்ததில் வந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தவர்

திருவனந்தபுரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. மத்தியானம். வெளியே ஐப்பசி மழை. சுவரெல்லாம் ஈரம் பூத்து, டெட்டால் வாசனையோடு ஆரஞ்சுத் தோல் வாசனையும் கலந்து வந்தது. ஜன்னலோரக் கட்டிலில் என் அத்தான் ஜன்னல் பக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். இடது பாதம் முழுக்கக் கட்டு. நான் கஞ்சிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தான் என்றால் என் அக்கா பேச்சியம்மாளின் புருஷன், சுடலைமுத்து. விதுரையிலிருந்து பொன்முடிக்குப் போகிற வழியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறார். அங்கே பாக்டரியைப் பூட்டிப் பல வருஷம் ஆகிறது. பூட்டிய பாக்டரிக்கு அத்தான்தான் காவல். அந்தக் காவலுக்காகத்தான் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், அவருக்கு ஒரு அறை.

மழைக்காலத்தில் காலில் அட்டை கடித்தது. சொறிந்தார். சர்க்கரை வியாதி உள்ள உடம்பு. புண் ஆறாமல் கறுத்துவிட்டது.

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகத்தான் சொன்னாள். பாதத்தை எடுத்துவிட்டால் முழங்கால் தப்பும். தள்ளிப்போட்டால் முழங்காலும் போகும், அதற்குமேல் உயிருக்கே ஆபத்து.

அத்தான் முடியாது என்றுவிட்டார்.

“காலை வெட்டிட்டு லயத்துக்குப் போயி நான் என்ன செய்யணும்? நொண்டிக்கு யாரு காவல் வேலை கொடுப்பா? வேலை இல்லன்னா அறையும் இல்ல. நானும் உங்க அக்காவும் விதுரை பஸ் ஸ்டாண்டுலயா கிடக்கணும்?”

அதற்குப் பிறகு அவர் யாரோடும் பேசவில்லை. நர்ஸ் வந்து, “அப்பூப்பா, இன்னைக்காவது சம்மதிச்சோ?” என்று கேட்பாள். அப்பூப்பா என்றால் இங்கே தாத்தா. அவர் சுவரைப் பார்ப்பார். அவள் என்னைப் பார்ப்பாள். “பைஸ்டாண்டர் நீங்கதானே? ஒண்ணு சொல்லிப் புரிய வைக்கக் கூடாதா?”

நோயாளிக்குத் துணை இருக்கிறவனுக்கு இங்கே பைஸ்டாண்டர் என்று பெயர். அக்காவால் வர முடியவில்லை. அத்தானுக்குப் பதிலாக அவள்தான் பாக்டரிக் கேட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து வந்தால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

கஞ்சியோடு கொண்டுபோன வாக்கியம்

சொல்வதற்கு என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. என் மனைவி லீலா முதல் நாளே சொல்லி அனுப்பியதுதான். “ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்க வந்துரச் சொல்லுங்க. அக்காவும் வரட்டும். கரமனையில இந்த வீடு சின்னதுதான், ஆனா வாசல்வரைக்கும் ஆட்டோ வரும்.”

அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆட்களில், பெண் எடுத்த வீட்டில் போய்த் தங்குவது ஒரு ஆண்பிள்ளைக்குக் குறைச்சல். அதிலும் மச்சினன் வீட்டில், ஒரு கால் இல்லாமல், மனைவியோடு. “வாங்க” என்று சொன்னால், “உங்கள் காலம் முடிந்தது” என்று சொன்னதாக எடுத்துக்கொள்வாரோ என்று பயம்.

என் சுபாவமும் ஒரு காரணம். நான் ஏன் இஸ்திரி வேலைக்கு வந்தேன் என்று யாராவது கேட்டால், துணியோடு பேச வேண்டியதில்லை என்பேன். வேடிக்கைக்குச் சொல்வதில்லை, உண்மைதான்.

தினமும் கஞ்சியோடு அந்த வாக்கியத்தையும் கொண்டுபோவேன். கஞ்சி கொஞ்சமாவது குறைந்து திரும்பும். வாக்கியம் அப்படியே திரும்பும்.

பெரிய எழுத்துப் புஸ்தகம்

வார்டு வராந்தாவில் ஒரு மர அலமாரி இருந்தது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிற நோயாளிகளுக்காக யாரோ தமிழ்ப் புஸ்தகங்கள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பெரும்பாலும் சாமி புஸ்தகங்கள். அத்தான் அப்போது சாமியோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். அட்டை கிழிந்த ஒன்றை எடுத்தேன். காரணம், எழுத்து பெரிதாக இருந்தது. உள்ளே அமெரிக்க நாட்டுப் புரட்சியின் கதை. பழைய காலத்துத் தமிழ்.

எனக்கு மனசுக்குள் படிக்க வராது. விரலை வைத்து, வாய்விட்டுத்தான் படிப்பேன். மெதுவாக ஆரம்பித்தேன்.

பக்கத்துக் கட்டில்காரர், “கொஞ்சம் உறக்கப் படிக்கணும் ஓய், ஒண்ணும் கேக்கல்ல” என்றார். அவர் ஊர்ப் பேச்சில் உறக்க என்றால் சத்தமாக. அவர் பெயர் ஞானதாஸ். பாறசாலைப் பக்கம் கல் குவாரியில் வேலை. கல் உருண்டு கை முறிந்து வந்து படுத்திருந்தார்.

சத்தமாகப் படித்தேன். காது எரிந்தது. ஆனால் நிறுத்தவில்லை. படிக்கிறபோது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாட்டுக்கு முன் பிறந்த காவல்

நான் படித்தது அந்த நாட்டின் கப்பற் சிப்பாய்கள் உண்டான கதை. இந்தக் காலத்தில் மரைன் என்கிறார்கள். கப்பல் ஓட்டுகிறவர்கள் வேறு, இவர்கள் வேறு. கப்பலில் போவார்கள், துப்பாக்கி பிடிப்பார்கள், கரையில் இறங்கிச் சண்டை போடுவார்கள், கப்பலுக்குள் காவலும் நிற்பார்கள்.

இங்கிலாந்து ராஜாவை எதிர்த்தவர்கள் ஒரு ஊரில் கூடி உட்கார்ந்து, இப்படி இரண்டு படைப்பிரிவு வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அப்போது அவர்களுக்கு நாடு என்று ஒன்று இல்லை. சுதந்திரம் வேண்டும் என்றே இன்னும் அறிவிக்கவில்லை. கடல் பழக்கம் உள்ளவர்களாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதினார்கள்.

ஒரு சாராயக் கடையில் வைத்துத்தான் ஆள் சேர்த்தார்கள் என்று சொல்வார்களாம், அது உறுதியில்லை என்று புஸ்தகமே சொன்னது. மேளம் அடித்து ஆள் கூப்பிட்டார்கள். வந்தவர்களில் தச்சர், தையற்காரர், செருப்புத் தைக்கிறவர், கூலிக்காரர் எல்லாம் இருந்தார்கள். பலருக்குக் கப்பல் பழக்கமே இல்லை.

சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “தெரியும்னு சொல்லிச் சேந்திருப்பானுவ.”

அத்தான்தான். நான் விரலை எடுக்கவில்லை. நிமிர்ந்தால் அவர் மறுபடி வாயை மூடிக்கொள்வார் என்று பயந்தேன்.

எங்களுக்கும் கப்பல் தெரியாது. மழை விட்ட தெளிந்த நாளில் பொன்முடி உச்சியிலிருந்து கடல் ஒரு கோடாகத் தெரியும். சின்ன வயசில் அதை வானத்தின் ஓரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது விழிஞ்ஞம் துறைமுகத்தில் மலை போலப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் நிற்கின்றன. ஒருமுறை லீலாவோடு போய்த் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

அன்று வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஒன்று தோன்றியது. அங்கே நாடு பிறக்கவில்லை, அதற்கு முன்பே காவல் பிறந்துவிட்டது. இங்கே அத்தான் காக்கிற பாக்டரி எப்போதோ செத்துவிட்டது, காவல் மட்டும் இருக்கிறது. இதில் எதை வியப்பது என்று தெரியாமல், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பச்சைக் கோட்டு

மறுநாள் நான் கஞ்சியைத் திறக்கும் முன்பே அத்தான் கேட்டார்.

“அவனுவளுக்கு உடுப்பு கொடுத்தானுவளா இல்லையா?”

முதலில் கொடுக்கவில்லை. பிறகு பச்சைக் கோட்டு. கழுத்தைச் சுற்றித் தடித்த தோல் பட்டை.

“தோலா? அதை எப்படி மாப்ள தேய்ப்ப?”

“தோலுக்கு இஸ்திரி கிடையாது அத்தான்.”

“அப்ப நீ அந்தப் படையில சேர முடியாது.”

ஞானதாஸ் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை, ஆனால் பாதி கஞ்சி குடித்தார். முந்தின நாள் இரண்டு வாய்தான்.

எனக்கு அந்தத் தோல் பட்டையின் நினைவாகவே இருந்தது. கத்தி வெட்டு கழுத்தில் விழாமல் இருக்க என்று சிலர் சொல்வார்களாம், தலையை நிமிர்த்தி வைக்க என்று சிலர். போலீஸ்காரர்களுக்குக் காக்கி தேய்க்கும்போது காலரை மட்டும் இரண்டு தடவை அழுத்தச் சொல்வார்கள். எந்த ஊரிலும் அரசாங்கம் முதலில் பிடிப்பது கழுத்தைத்தான் போல.

மருந்து

அடுத்த நாள்தான் அந்தக் கட்டம் வந்தது.

புரட்சிக்காரர்களிடம் மருந்து தீர்ந்துபோய்விட்டது. தெற்கே பஹாமா என்கிற தீவுக் கூட்டத்தில், ஒரு தீவில் ராஜாவின் மருந்து பீப்பாய் பீப்பாயாக இருக்கிறது என்று தகவல் வருகிறது. கப்பற் சிப்பாய்கள் கிளம்புகிறார்கள். அந்தப் படையின் முதல் வேலையே அதுதான், கடல் தாண்டிப் போய் மருந்து எடுத்து வருவது.

வார்டே காது கொடுத்துக் கேட்டது. கதவோரம் இருந்தவர் குளுக்கோஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“நல்ல பயலுவ,” என்றார் அத்தான். “சண்டைக்குன்னு சேத்தானுவ, போறது மருந்துக்கு.”

தீவில் இறங்கினார்கள். ஒரு கோட்டையை எளிதாகப் பிடித்தார்கள். நேரே ஊருக்குள் போயிருக்கலாம், போகவில்லை. அந்த ராத்திரி அங்கேயே தங்கி இளைப்பாறினார்கள். விடிவதற்குள் தீவின் கவர்னர், மருந்தில் பெரும் பங்கை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

“அட பாவி!” என்று அத்தான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். “நோயாளிக்குக் கொடுக்குற மருந்தையா ஒளிப்பான் ஒருத்தன்? எதிரியா இருந்தா என்ன, மருந்துல்லா!”

குளுக்கோஸ்காரர், “இங்கயும் ஸ்டோர்ல கேட்டா இல்லன்னுதான் சொல்லுதான்” என்றார்.

மேலே படித்தேன். திரும்பி வருகிற வழியில் கப்பலில் அம்மையும் காய்ச்சலும் பரவிப் பலர் விழுந்தார்கள்.

“பாத்தியா! மருந்து இருந்திருந்தா பொழச்சிருப்பானுவ.”

மிச்சம் கிடைத்த கொஞ்சம் மருந்தையும் பீரங்கிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று படித்தபோது, ஞானதாஸ் கட்டிலில் ஒரு சத்தம். வலி என்று நினைத்தேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார், முறிந்த கையைப் பிடித்தபடி.

“ஓய், நில்லும். பீரங்கியும் எடுத்தாச்சு, மருந்தும் எடுத்தாச்சு. பின்ன அது தின்னுற மருந்தா ஓய்? வெடிக்கு வைக்கிற மருந்து! எனக்க தொழிலே அதுதானே. பாறையில குழி போட்டு மருந்து வச்சுத்தான் கல்லு பொட்டிக்கிறோம். அதை யாருக்கு ஊத்திக் கொடுக்கப் போனேரு?”

புஸ்தகத்தைப் பார்த்தேன். வெடிமருந்து என்று முழுதாகப் போடாமல், பழைய வழக்கப்படி வெறும் மருந்து என்றே எல்லா இடத்திலும் இருந்தது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு வேறு அர்த்தம் தோன்றவே இல்லை.

வார்டு முழுக்கச் சிரிப்பு. எனக்குப் புஸ்தகத்துக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. அத்தான் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப அந்தக் கவர்னர் செஞ்சது சரிதான்,” என்றார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. கட்டுப் போட்ட கால் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நர்ஸ் ஓடிவந்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள். யாராலும் சொல்ல முடியவில்லை.

ஞானதாஸ் விடவில்லை. “எந்த மருந்தானா என்ன, அந்த ராத்திரி இளைப்பாறாம போயிருந்தா எல்லாம் கிட்டியிருக்கும். வச்சுத் தாமசிச்சா இதுதான் கதி” என்று சொல்லி அத்தானின் கட்டைப் பார்த்தார்.

“என் காலைப் பாத்துப் பேசாதேரும்” என்றார் அத்தான். சிரிப்பு நின்றது. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

கப்பலை விற்ற பிறகு

அதற்கடுத்த நாள் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். கறுப்பு மேலே ஏறுகிறது, இனி நாள் சொல்ல முடியாது என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது நெஞ்சில் இருந்தது. கை புஸ்தகத்தைத்தான் எடுத்தது.

“மிச்சத்தைப் படிடே” என்றார் அத்தான், திரும்பாமல்.

மிச்சம் கொஞ்சம்தான். சண்டை ஜெயித்தது. நாடு கிடைத்தது. பணமில்லாத நாடு, கப்பல்களை ஒவ்வொன்றாக விற்றது. கடைசிக் கப்பலையும் விற்றார்கள். அதற்குள் கப்பற் சிப்பாய்களையும் கலைத்து அனுப்பிவிட்டார்கள். பல வருஷம் கழித்துத்தான் அந்தப் படையை மறுபடி புதிதாக உண்டாக்கினார்கள்.

அத்தான் மெதுவாகத் திரும்பினார்.

“பாக்டரியைப் பூட்டுன அன்னைக்கு எங்களையும் இப்படித்தான் வரிசையா நிக்க வச்சுச் சொன்னானுவ. நல்ல வார்த்தையாத்தான் சொன்னானுவ.” புஸ்தகத்தைக் காட்டிக் கேட்டார். “அனுப்புனானுவளே, அவனுவ எங்க போனானுவ?”

“வீட்டுக்குப் போயிருப்பாங்க.”

“வீடு இருக்கவன் போவான். வீடில்லாதவன்? கை கால் போனவன்? பாத்துச் சொல்லு, போட்டிருக்கும்.”

பார்த்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த அத்தியாயம் ஜனாதிபதியைப் பற்றியது. திரும்ப வந்தேன். கடைசி வரிக்குக் கீழே பாதிப் பக்கம் வெறும் காகிதம். அந்த வெள்ளையில் விரலை வைத்தேன். படிக்கிற குரலிலேயே, புஸ்தகத் தமிழிலேயே, எழுத்துக் கூட்டி வாசிப்பது போல வாசித்தேன்.

“வீடு இல்லாதவர்கள்... தத்தம் மச்சினன்... வீட்டுக்குப் போனார்கள்.”

ஞானதாஸ் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அப்படியா போட்டிருக்கு?”

“ஆமா அத்தான்.”

“நல்லாப் பாத்துப் படி. மருந்து மாதிரி ஆயிரப்போவுது.”

“இதுல தப்பு வராது.”

“மச்சினன் பெண்டாட்டி என்ன சொன்னாளாம்?”

விரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன். “முதலில் அழைத்ததே... அவள்தான்.”

“அதுவும் இருக்கா?”

“அடுத்த வரி.”

“கூடப் பெண்டாட்டியையும் கூட்டிட்டுப் போனானுவளா, ஒத்தையாப் போனானுவளா?”

“கூட்டிக்கொண்டு... போனார்கள்.”

என் விரல் பக்கத்தின் அடி ஓரத்துக்கு வந்துவிட்டது. அதை அவரும் பார்த்தார். எட்டிப் புஸ்தகத்தை என் கையிலிருந்து வாங்கினார். அத்தானுக்கு எழுத்து தெரியாது. ஆனால் எழுத்து இருக்கிற இடமும் இல்லாத இடமும் யாருக்கும் தெரியும். அந்த வெறும் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூடித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சிஸ்டரைக் கூப்பிடு,” என்றார். “முழங்காலையாவது மிச்சம் வைக்கச் சொல்லு. சும்மா உக்காந்து உன் சோத்தைத் திங்க மாட்டேன், பாத்துக்க. துணி மடிக்கத் தெரியும் எனக்கு.”

முழங்கால் மிஞ்சியது. அக்கா கோழிகளை விற்றுவிட்டு, இரண்டு சாக்கு மூட்டையோடு விதுரை பஸ்ஸில் வந்து இறங்கினாள். இப்போது வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அத்தான் துணி மடிக்கிறார். வருகிறவர்களோடு எனக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்கிறார். சில சமயம் சண்டையும் போடுகிறார்.

இந்தக் கதையை எழுதப் பல வருஷமாக யோசித்து, யோசித்து விட்டிருக்கிறேன். இன்று வண்டிக்கு லீவு. காலையில் உட்கார்ந்து எழுதி முடித்து, அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு தாளை எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“இதெல்லாம் உள்ளபடியே எழுதியிருக்கா, இல்ல நீ சும்மா படிக்கியா?”

கரமனை,
கார்த்திகை மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.